வண்டிக்கடியில் விரித்த துணி

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு படம் போட்டீர்கள். பழைய கார். பம்பர் மின்னுகிறது, பானெட் மேல் சாமந்தி மாலை, பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு மனிதர். அடுத்தடுத்து வந்து விழுந்தன உங்கள் பெருமூச்சுகள். அந்தக் காலத்து இரும்பே இரும்பு என்றார் ஒருவர். எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது என்றார் இன்னொருவர். நானும் ஏதோ தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். ஐம்பதைத் தாண்டிய ஒருத்திக்கு ஒரு காரின் படத்தைப் பார்த்து இத்தனை கோபம் வருகிறதென்றால், அந்தக் கோபம் காரின் மேல் இல்லை. யார் மேல் என்று உங்களுக்கும் தெரியட்டும். எழுதினால் ஆறிவிடும் என்று சொல்லாதீர்கள். ஆற்றிக்கொள்வதற்காக எழுதவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது. திருப்பூர் மண்ணரையில், முன்னால் வீடு, பின்னால் பனியன் கம்பெனி, நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். அதற்குள் அந்தப் பச்சைக் கார். சாணம் காய்ந்தால் ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை. கதவைத் திறந்தால் வெயிலில் வெந்த ரெக்ஸின் வாசம், பெட்ரோல் வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த முருங்கைக்காய் வாசம். அது அம்மா பிறந்த மூலனூரிலிருந்து வந்த கார் அல்லவா. அம்மாவைப் பெற்ற அப்புச்சி, சந்தைக்கு முருங்கைக்காய்க் கட்டுகளைப் பின் சீட்டில் ஏற்றிப் போன கார். அப்புச்சிக்கு ஆண் வாரிசு இல்லை. பானெட்டைத் தூக்கினால் விளக்குப் பிடிக்கவும் ஸ்பேனர் எடுத்துத் தரவும் அம்மாதான் நின்றாள். கொஞ்ச நாளில் விளக்கை அப்புச்சி பிடித்தார், ஸ்பேனர் அம்மா கைக்கு வந்தது. தோட்டத்துத் தடத்தில் அம்மாவே ஓட்டுவாளாம்.

கல்யாணத்துக்குச் சீராக அந்தக் காரையே கொடுத்தார்கள். பந்தலில் எடுத்த போட்டோ இன்னும் இருக்கிறது. தட்டு, தட்டின் மேல் வெற்றிலை, வெற்றிலை மேல் சாவி, சாவியை எடுக்கிற அப்பாவின் கை. அம்மாவின் கை படத்துக்கு வெளியே.

மண்ணரைக்கு வந்த பிறகு அம்மா அதை ஓட்டவில்லை. ஓட்டக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய தேவையே வராத வீடு அது. மத்தியானம் அப்பாவின் அண்ணன், கம்பெனியை நடத்திய பெரியப்பா, சாப்பிட்டுப் படுத்ததும் அம்மா ஷெட்டுக்குப் போய் டிரைவர் சீட்டில் உட்காருவாள். நான் பக்கத்தில். கம்பெனிக்குள் தையல் மிஷின்கள் இரைந்துகொண்டிருக்கும். அம்மா கிளட்ச்சை மிதிப்பாள், கியர் மாற்றுவாள், கண்ணாடியில் பின்னால் பார்ப்பாள். கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்பேன்.

"பேசாம வா கண்ணு. ரோட்டப் பாக்கோணும்."

எதிரே இருந்தது சுவர்.

கார் ஒழுகியது. அதுதான் அதன் மேல் இருந்த ஒரே குற்றம். ஷெட்டின் சிமெண்டுத் தரையில் கருப்பாக ஒரு தீவு, நாளுக்கு நாள் கரை தள்ளிக்கொண்டே போகும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மீட்டருக்கு இஞ்சினிலிருந்து சன்னமாக ஒரு செம்புக் குழாய் வரும். அது இஞ்சினோடு சேர்கிற திருகு மரையில் கசிவு. அடியில் எண்ணெய் இறக்கும் போல்ட்டிலும் கசிவு. அப்பா வைத்தியம் பார்த்தார். என்ன வைத்தியம் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் எது கசிந்தாலும் நூல்தான். குழாய் ஒழுகினால் நூல், மோட்டார் பைப் ஒழுகினால் நூல். கோனில் மிச்சம் கிடக்கும் பனியன் நூலை எடுத்து மரையில் வரிந்து வரிந்து சுற்றி, மேலே கொஞ்சம் சோப்பைத் தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு. தண்ணீர் நிற்கும். எண்ணெய் நிற்கவில்லை. அப்பா மேலும் நூலைச் சுற்றினார். எண்ணெய் மேலும் வந்தது.

"ஏனுங்க, அதுக்கு நூலு ஆகாதுங்க" என்றாள் அம்மா.

"நூலுக்கு நிக்காத கசிவு இந்த ஊர்ல உண்டா புள்ளே?"

"தண்ணிக்கு நிக்குமுங்க. இது சுடு எண்ணெய். நம்ம நூலு மிஷின்ல வழுக்கி ஓடோணும்னு மெழுகு பூசுன நூலு. சூடு பட்டா மெழுகு மொதல்ல போகுது, எண்ணெய் அது பொறத்தாலயே போகுது."

அப்பா சிரித்தார். கேட்கவில்லை என்பதற்கு அந்தச் சிரிப்பு. என் அப்பாவின் சிரிப்பைப் பற்றி ஊரில் நல்ல பேர் உண்டு. சாது, யார் மனதும் நோகாதவர் என்பார்கள். யார் மனதும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தவர்தான். அம்மாவை அந்த யாரில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆனிக் காற்று இப்போதும் காதில் இருக்கிறது. கட்டிங் மேசையிலிருந்து பஞ்சு பறந்து சோற்றில் விழும். அப்படி ஒரு மத்தியானம், இலையில் ரசத்தை வழித்துக்கொண்டே பெரியப்பா சொன்னார்.

"அந்த வண்டிய வித்துத் தாட்டி உட்றலாம்னு இருக்கறேன். ஷெட்டுல ஒரு நிட்டிங் மிஷின் போட்டா நமக்கு நாமளே துணி ஓட்டிக்கலாம்."

"சீர் வண்டிங்களே. மூலனூர்ல என்ன நெனைப்பாங்க?" என்றாள் பெரியம்மா. அக்கறையில் இல்லை, ருசியில்.

"ஒழுகற வண்டிய எத்தனை நாளைக்கு வெச்சுக் கும்புடறது? வண்டி தேறலீங்கன்னு சொல்லிப்போட்டா அவிகளும் என்ன சொல்லுவாங்க?"

அம்மா ரசக் கரண்டியோடு நின்றாள்.

"ஒழுகலீன்னா மாமா?"

பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் தம்பி மனைவி தன்னை எதிர்க்கேள்வி கேட்டதில் அவருக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

"ஒழுகலீன்னா நீயே ஓட்டிக்க அம்மிணி. நானே வந்து பின்னாடி சீட்டுல உக்காந்துக்கறேன், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

"நெசமாச் சொல்றீங்களா மாமா?"

"அட, நெசமாத்தான். நம்ம செக்கிங் மாதிரியே வெச்சுக்கலாம். நீ வேலையப் பாத்து முடி. பொறவு ஒரு வாரம், சாயங்காலமானா வண்டிக்கடியில வெள்ளைத் துணிய விரிக்கட்டும். காலைல எடுத்துப் பாப்போம். அழுக்குப் படாம எந்திரிச்சா வண்டி நிக்கட்டும்."

பெரியப்பாவுக்குக் கறையைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: இது தையல் மிஷின் எண்ணெய், இது பேரிங் கிரீஸ், இது டெய்லர் மத்தியானம் தின்ற போண்டா. முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அந்த மூளையால்தான் அந்தக் கம்பெனி நின்றது. அந்த வீட்டில் எல்லோருக்குமே அந்தக் கண் உண்டு. பெரியம்மாவுக்கு, அப்பாவுக்கு, எனக்குக்கூட. கறை பார்த்துச் சோறு தின்ற குடும்பம்.

மறுநாள் அம்மா அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இறங்கினாள். சாக்கில் சுற்றி வைத்திருந்த அப்புச்சியின் இஞ்சு ஸ்பேனர்களை எடுத்தாள். ஊரில் விற்கிற மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் அந்தக் காருக்குச் சேராது. ஒன்று தொளதொளக்கும், ஒன்று ஏறாது. மீட்டர் குழாயைக் கழற்றினாள். மரை முழுக்க அப்பாவின் நூல், கருத்து, ஊறி, பிசுபிசுத்து. ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தாள். ஒரு நூல் குழாய்க்குள்ளேயே போய்ச் சுருண்டிருந்தது. அதை இழுத்து வெளியே போட்டபோது அவள் முகத்தில் வந்தது அருவருப்பு.

"மீட்டர் முள்ளு ஏன் படுத்துட்டதுன்னு கேட்டீங்களே, இதானுங்க" என்று அப்பாவிடம் காட்டினாள். அப்பா ஆனிக் காற்றைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மண்ணெண்ணெயும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக மரைகளைத் தேய்த்தாள். துடைத்தாள். வெயிலில் வைத்தாள். மறுபடி துடைத்தாள். விரலை வைத்து எண்ணெய் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் மருந்து பாட்டிலைத் திறந்தாள். ஷெல்லாக், கசிவை அடைக்கிற அரக்கு. தேன் மாதிரி இருக்கும், ஆஸ்பத்திரி ஊசி போடுமுன் தடவுவார்களே, அந்த வாசம் அடிக்கும். மீட்டர் குழாயின் மரை போகப் போகக் குறுகுகிற மரை. தானே கடித்துக்கொள்ளும், மருந்து துணைக்குத்தான். நுனியில் ஒரு சுற்றை விட்டுவிட்டுத் தடவினாள், உள்ளே போய் எண்ணெய் வழியை அடைக்காமல் இருக்க. அடி போல்ட் வேறு ஜாதி. அது நேர் மரை. அதில் எதைச் சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை. எண்ணெயை நிறுத்துவது மரை அல்ல, தலைக்கு அடியில் உட்காரும் செம்பு வாசர்.

அந்த வாசரை அம்மா சமையலறைக்குக் கொண்டுபோனாள். இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினாள். செம்பு முதலில் கருத்தது, பிறகு மயில் கழுத்து நிறத்துக்குப் போனது, பிறகு குங்குமமாகப் பழுத்தது. தண்ணீர்ச் சொம்பில் போட்டாள். சுரீர். நசுங்கி நசுங்கிக் கெட்டிப்பட்டுப் போன செம்பு அப்படிச் சுட்டால் இளகும், இளகினால்தான் உட்கார்ந்து அடைக்கும்.

"கொழம்பு வெக்கற அடுப்புல வாசரு வெக்கறா" என்றாள் பெரியம்மா, வாசலில் நின்று. "உப்புப் போட்டியா அம்மிணி?"

"போடறனுங்கக்கா. ருசி பாத்துச் சொல்லுங்க."

அம்மா அப்படிப் பதில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

மாட்டி முடித்து, இறக்கி வைத்த பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றியதும் அப்பா ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றார். மருந்து காயாமல் கூடாது, நாளைக்குத்தான் என்றாள் அம்மா. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் நடந்த இடமெல்லாம் சாவிச் சத்தம்.

துணி விரிக்கப்பட்டது. வெள்ளையென்றால் வெள்ளை, ஏற்றுமதிக்குப் போகிற வெள்ளை. காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு கல். தினமும் சாயங்காலம் இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி அணைத்தார்கள். தினமும் காலையில் செக்கிங் அக்கா, கம்பெனியில் கறைத் துணியைப் பொறுக்குகிற வேலைக்காரி, வந்து துணியை உருவி இரண்டு கையால் தூக்கிப் பிடித்தாள். தினமும் வெள்ளை. ஒரு பெண் சொன்ன சொல்லுக்கு ஒரு துணி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அது சொன்னது. நாள் தவறாமல் சொன்னது.

அம்மாவிடம் ஏதோ மாறியது. முருங்கைக் கீரை உருவும்போது முணுமுணுவென்று பாடினாள். "ஏனுங்க, லைசென்ஸ் எடுக்கறதுக்கு எங்கீங்க போகோணும்?" என்று அப்பாவிடம் கேட்டாள். "மொதல்ல உன்னையப் பள்ளிக்கூடத்துல எறக்கி உடறேன்" என்று என்னிடம் சொன்னாள். நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்களில் சிலரிடமும் சொன்னேன். உங்களுக்கு நினைவிருக்காது.

வாரம் முடிகிற காலையில் துணியில் கறை இருந்தது.

பாக்கு அகலம். நடுவில், சரியாக நடுவில். செக்கிங் அக்கா அதைத் தூக்கிப் பிடித்தாள்; தூக்கிப் பிடித்த கை மெதுவாக இறங்கியது. வெளிச்சம் அந்தக் கறைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. கண்ணாடி மாதிரி. வெளிர் மஞ்சள் ஓரம், உள்ளே நிறமே இல்லை. இஞ்சினில் ஓடிய எண்ணெய் அடுப்புக்கரி போல இருக்கும். இது தண்ணீர் மாதிரி இருந்தது. தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். அந்த வாசலில் நின்ற ஒவ்வொருவரும் வயிறு வளர்த்த எண்ணெய்.

"பாத்தீங்களா" என்றார் பெரியப்பா.

அம்மா குத்த வைத்து உட்கார்ந்தாள். கறையை இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்தாள்.

"இது வண்டி எண்ணெய் இல்லீங்க மாமா. மிஷின் எண்ணெய்."

அம்மா எழுந்து பானெட்டைத் தூக்கினாள். இஞ்சினுக்குள் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி வந்தாள். அதே துணியில், அந்தக் கறைக்குப் பக்கத்திலேயே இழுத்தாள். கருப்பாக ஒரு கோடு. கருப்பும் வெளிறலும் பக்கம் பக்கமாக. கண் தெரியாதவனுக்கும் கை வைத்தால் தெரியும்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. உயர்த்தியிருக்கலாம் அம்மா.

பெரியப்பா துணியைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற மனிதர், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செக்கிங் அக்காவைப் பார்த்தார்.

"நீ சொல்லு. இது என்ன?"

அவள் அவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"எண்ணெய்ங்க."

"எண்ணெய்னா எண்ணெய்தான?"

"ஆமாங்க."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வீட்டு அடுப்பு பெரியப்பாவின் வாயைப் பார்த்து எரிந்தது. அப்பாவுக்கு என்ன வந்தது? அப்பா கல்லைக் காலால் நகர்த்தினார். "உடு புள்ளே" என்றார். "ஒரு துணிக்குப் போயி எதுக்கு இத்தனை பேச்சு."

ஒரு துணிக்கு. துணியால் தின்று, துணியால் உடுத்து, ஒரு கறைக்காக ஒரு டெய்லரை வேலையை விட்டு நிறுத்துகிற வீட்டில், ஒரு துணிக்கு.

யார் ஊற்றியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் அலையவும் இல்லை. ஊற்றியது ஒரு கைதான். பார்த்துவிட்டுப் பார்க்காதவர்களாக நின்றது வீடு முழுக்க. அம்மா இதைத்தான் அன்று புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்: அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரியாதவர்களிடம் விளக்கலாம். தெரிந்தவர்களிடம் என்ன செய்வது? கம்பியைத் துடைத்து இஞ்சினில் செருகினாள். பானெட்டை மெதுவாக இறக்கினாள். சமையலறைக்குப் போய் தோசைக்கல்லைப் போட்டாள்.

ஆடி பிறக்குமுன் வண்டி வாங்க ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. காரைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், குனிந்து அடியில் பார்த்தார்.

"எண்ணெய் ஒழுகுமுங்களா?"

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க" என்றார் பெரியப்பா. கூசாமல் சொன்னார். அதே ஷெட்டில், அதே இடத்தில் நின்று. "ஒரு வாரம் வெள்ளைத் துணி விரிச்சுப் பாத்துட்டமுங்க. அத்தனை சுத்தம்."

"அட! யாருங்க வேலை பாத்தது?"

"நம்ம தம்பிதானுங்க. கைராசிக்காரன்."

அப்பா சிரித்தார்.

அம்மா காப்பித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டை பானெட் மேல் வைத்தாள். வந்தவரைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"அடுத்தவாட்டி எண்ணெய் மாத்தறப்ப அடி போல்ட்டு வாசரைப் பழுக்கக் காச்சிப் போடுங்க. மீட்டர் குழாயை அனாவசியமாத் தொடாதீங்க. தொட்டா மரையச் சுத்தமாத் தொடச்சுட்டு ஷெல்லாக் போடுங்க. நூலு மட்டும் சுத்தீராதீங்க."

அவர் ஆச்சரியத்தோடு பெரியப்பா பக்கம் திரும்பினார். "அம்மிணிக்கு வண்டி வேலை எல்லாந் தெரியுமாட்ட இருக்குதுங்க?"

"சும்மா, பக்கத்துல நின்னு பாத்ததுங்க" என்றார் பெரியப்பா.

மறுநாள் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். சாயங்காலம் அம்மா ஷெட்டுக்குள் போனாள். கையில் ஸ்பேனர். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அடி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மீட்டர் குழாயையும் பார்த்தாள். துடைத்தாள். வந்துவிட்டாள். காலையில் கார் போனது. ஸ்பேனர்களையும் சாக்கோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், அவை வேறு எதற்கும் உதவாதவை என்பதால்.

ஷெட்டில் நிட்டிங் மிஷின் வந்தது. மூலனூருக்குச் சேதி போனது: வண்டி தேறலீங்க. அடுத்த நோம்பித் திருநாளுக்கு நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கியபோது அப்புச்சி பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார்.

"நீ இருந்துமா சாமி கவனிக்காம உட்டுட்டே?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கினாள். எலும்பு வலித்தது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் சண்டை வரக்கூடாது என்று, சொந்த அப்பனிடமே தன் கை வேலையைத் தொலைத்துக்கொண்டு நடந்தாள். அப்புச்சி அப்படியே நம்பி, அப்படியே போய்ச் சேர்ந்தார். மகள் மறந்துவிட்டாள் என்று.

நான் வேலைக்குப் போய், சம்பாதித்து, அம்மாவை என்னோடு கூட்டி வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் ஸ்பேனர் உங் கையில இருந்துச்சு. யாருமில்லை. போல்ட்ட ஒரு சுத்துத் தளத்தி உட்டிருந்தா, அந்தாளு அடுத்த நாளே வந்து பெரியப்பா சட்டையப் புடிச்சிருப்பாரு. மானம் போயிருக்கும். ஏம்மா உட்டே?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்றே முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை.

"அவுரு மானம் போறதுக்கு முந்தி இஞ்சினு போயிருக்குங் கண்ணு. வண்டி என்ன பண்ணுச்சு, பாவம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கீரைக்குத் திரும்பினாள். கேட்டவர்கள் எல்லோரும் அந்தப் பதிலை மெச்சுகிறார்கள். எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். பெரிய மனசு என்று சொல்லிச் சொல்லித்தானே அவளிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை அம்மா. ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்று தளர்த்தியிருக்கலாம்.